வாசிக்கத் தெரியாவிட்டாலும் எலக்ட்ரிக் கிட்டாரைச் சோதித்து வாங்கலாம்

என் முதல் எலக்ட்ரிக் கிட்டாரை நிறத்துக்காக வாங்கினேன். பளபளக்கும் கறுப்பு, மேலும் கீழும் ஆடுகிற பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதி). மூன்றாவது வாரம் மெல்லிய தந்தி அறுந்ததும் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிட்டன. அந்த வகை பிரிட்ஜைத் தந்திகள் ஒரு பக்கமும், பின்னால் உள்ள ஸ்பிரிங்குகள் மறுபக்கமும் இழுத்துச் சமன் செய்கின்றன. ஒரு தந்தி போனால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று விலகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. எனவே முதல் கிட்டாருக்கு அசையாத பிரிட்ஜே போதும்.

1. பணத்தைப் பிரியுங்கள்

கையில் 20,000 ரூபாய் இருந்தால் கிட்டாருக்கு 13,000 அல்லது 14,000க்கு மேல் போகாதீர்கள். ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரில் கொசு முனகுவது போலத்தான் சத்தம் வரும். வீட்டுக்கு 10 முதல் 20 வாட் ஆம்ப் தாராளம். ஹெட்போன் மாட்டும் வசதி இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துவார். கேபிள், தோள் வார், தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் எல்லாம் மிச்சப் பணத்தில் வர வேண்டும்.

2. எந்த மாதிரி சத்தம் வேண்டும்?

ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒற்றைச் சுருள் காந்தங்கள். சத்தம் கணீரென்று இருக்கும், கூடவே மெல்லிய இரைச்சலும் வரும். கிப்சன் லெஸ் பால் வகையில் பெரும்பாலும் இரண்டு ஹம்பக்கர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு காயில்கள் சேர்ந்து அந்த இரைச்சலை அடித்துவிடும், சத்தமும் தடித்து வரும். ராக், மெட்டல் பக்கம் போகிறவர்களுக்கு இது. முடிவு செய்ய முடியவில்லையா? பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு சிங்கிள் காயிலும் உள்ளதை எடுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ஸ்கொயரும் லெஸ் பாலுக்கு எபிஃபோனும் விலை குறைந்த தம்பிகள்.

விரல் நோகும் என்று பயந்தால் இன்னொரு விஷயம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தி அதிரும் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் ஏறக்குறைய 24.75. அதே தந்தியைப் போட்டாலும் குட்டையானதில் இழுவிசை குறைவு, அழுத்துவது சற்று எளிது.

3. நெக்கைப் பாருங்கள்

மாட்டைப் பல்லைப் பார்த்து வாங்குவார்கள், கிட்டாரை நெக்கைப் பார்த்து வாங்க வேண்டும். தந்தியை விரலால் அழுத்துகிற நீண்ட கழுத்துதான் நெக். கடையில் அதிக நேரம் இதற்குத்தான். விற்பவர் பக்கத்தில் நின்று பாட்டு வாசித்துக் காட்டுவார், மயங்காதீர்கள்.

முதலில் நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டுங்கள். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் நுனிகள் கீறினால் அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, 7ஆவது ஃப்ரெட் அருகே குனிந்து பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது. துளியும் இல்லையென்றால் தந்தி ஃப்ரெட்டில் அடித்து இரையலாம். விரலே நுழையும் போலிருந்தால் நெக் வளைந்திருக்கிறது. நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருப்பி இதைச் சரி செய்யலாம், கடைக்காரரை உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். ஆனால் நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

ஆறு தந்திகளையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, பொறுமை போதும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரைந்தால் பிரிட்ஜ் பக்கம் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கலாம். பிறகு போனில் டியூனர் ஆப்பைத் திறந்து, தந்தியைச் சும்மா மீட்டியும் 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டியும் பாருங்கள். இரண்டுக்கும் அதே ஸ்வரம் முள் நடுவில் நிற்கக் காட்ட வேண்டும்.

4. ஆம்பில் மாட்டுங்கள்

வால்யூம், டோன் குமிழ்களை மெதுவாகத் திருப்புங்கள். கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான், விலை குறைக்கச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. கேபிள் செருகும் ஜாக்கை லேசாக அசைக்கும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் சாலிடர் வேலை இருக்கலாம். பிக்கப் சுவிட்சை எல்லா நிலையிலும் வைத்துப் பாருங்கள்.

5. தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நில்லுங்கள்

லெஸ் பால் வகை நாலு கிலோவைத் தொடும். கையை எடுத்ததும் நெக் தானாகக் கீழே சாய்கிறதா என்றும் கவனியுங்கள்.

எல்லாம் சரியென்றால் 9-42 அளவில் (மெல்லிய தந்தியும் தடித்த தந்தியும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு) புதுத் தந்தி போட்டுத் தரச் சொல்லுங்கள், விரல் பழகும்வரை மெல்லியது நல்லது. பில் போடும் முன் ட்ரஸ் ராடுக்கான ஆலன் கீ பெட்டிக்குள் இருக்கிறதா என்று ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துவிடுங்கள்.