குப்பியில் நிறம் வரவில்லை என்றால் குளோரின் இல்லை என்று அர்த்தமா?

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவரிடம் எவ்வளவு குளோரின் போடுகிறீர்கள் என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டால்தான் இழுப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு மே மாத இரவு வரைக்கும்.

சித்தப்பா வீட்டுக் குளம் 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம். சுமார் 22,600 லிட்டர். மறுநாள் காலையில் பிள்ளைகள் இறங்கப்போகிறார்கள் என்று இரவு 8 மணிக்குச் சோதித்தேன். குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. என்ற சோதனை மாத்திரையைக் குப்பியில் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கிறது. “சுத்தமா குளோரின் இல்ல போலிருக்கே, போடுப்பா” என்றார் சித்தப்பா. ஒரு டம்ளர் குளோரின் பவுடரைக் கரைத்து ஊற்றி, பம்பை ஓடவிட்டு, மறுபடி பார்த்தேன். நிறமில்லை. இன்னொரு டம்ளர். அப்போதும் இல்லை.

நான்காவது சோதனையில்தான் மாத்திரை கரையத் தொடங்கும் நொடியைக் கவனித்தேன். இளஞ்சிவப்பு பளிச்சென்று எழுந்து, கண் இமைப்பதற்குள் மறைந்தது. விஷயம் இதுதான்: குளோரின் மிக அதிகமாக, தோராயமாக 10 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு) மேல் போனால், டி.பி.டி. தரும் நிறத்தை அந்தக் குளோரினே வெளுத்துவிடும். பூஜ்யமும் அளவுக்கு மீறியதும் குப்பியில் ஒரே மாதிரி தெரியும். விசாரித்தால், தோட்டக்காரர் பொழுது சாய்ந்ததுமே இரண்டு டம்ளர் போட்டிருந்தார்.

சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதித்து, வரும் அளவை ஐந்தால் பெருக்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரின் இருக்கலாம். அன்று கலந்து பார்த்தபோது அட்டையில் 4-இன் நிறம் வந்தது, அதாவது 20. அந்தக் குளத்தில் 1 பி.பி.எம். ஏற்ற 65 சதவீதப் பவுடர் 35 கிராம் போதும். டம்ளரில் ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு மருந்து. ஊராட்சி மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் குளோரோஸ்கோப்பில் இருப்பது இதுதான். விலை குறைவு என்று பலர் குளத்துக்கும் இதையே வாங்குகிறார்கள். ஆனால் இது காட்டுவது மொத்தக் குளோரினை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரினும் அந்த மஞ்சளில் அடக்கம். கிருமியைக் கொல்ல நம்பக்கூடியது, அப்படி எதோடும் சேராமல் மிஞ்சியிருக்கும் தனிக் குளோரின் மட்டுமே. மொத்தம் 1.8, தனி 1.0 என்றால் மீதி 0.8 சேர்ந்துபோனது, அது அதிகம். மூக்கைத் துளைக்கிற வாசனையும் கண் எரிச்சலும் பெரும்பாலும் அதனால்தான். “வாசனை தூக்குது, குளோரின் ஜாஸ்தி” என்று நிறுத்திவிடுவது நேர் எதிரான வைத்தியம். டி.பி.டி.யில் 1, 3 என்று இரண்டு மாத்திரைகள் உண்டு: முதலாவது தனிக் குளோரினுக்கு, மூன்றாவதையும் சேர்த்தால் மொத்தம். அப்புறம், சோதித்த தண்ணீரைக் குளத்திலேயே கொட்டாதீர்கள். ஓ.டி.ஓ. உடம்புக்கு ஆகாத பொருள்.

தண்ணீர் எடுக்கும் இடமும் முக்கியம். படிக்கட்டில் குனிந்து மேலாக மொள்ளுவது, ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி விழும் வாய்க்குப் பக்கத்தில் பிடிப்பது, இரண்டும் தப்பு. குப்பியைக் கவிழ்த்தபடி முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே திருப்பி நிரப்புங்கள். மூடியைத் தேடச் சோம்பல்பட்டு கட்டைவிரலால் அடைத்துக் குலுக்குகிறவர்கள் உண்டு. விரலின் வியர்வையும் அளவில் சேர்ந்துவிடும்.

நேரத்தையும் பாருங்கள். வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் ஸ்டெபிலைசர் என்கிற சயனூரிக் அமிலம் இல்லாத குளத்தில், நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் குளோரின் பாதியாகிவிடும். காலை அளவை நம்பி மாலையில் பிள்ளைகளை இறக்கக் கூடாது. இறங்குவதற்குச் சற்று முன் பார்ப்பதுதான் சரி. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. சொல்வது, தனிக் குளோரின் குறைந்தது 1 பி.பி.எம்.; ஸ்டெபிலைசர் உள்ள குளத்தில் குறைந்தது 2.

டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதிலேயே சயனூரிக் அமிலம் இருக்கிறது. 10 பி.பி.எம். குளோரின் ஏறும்போது கூடவே 6 பி.பி.எம். அளவுக்கு இதுவும் ஏறும். தண்ணீர் ஆவியானாலும் இது போகாது. கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இது கூடக் கூடக் குளோரினின் வேகம் குறையும், குப்பியில் நிறம் என்னவோ அழகாகத்தான் வரும். அதனால் இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். சோதனையையும் அதிகக் குளோரின் குழப்பும். அதற்கான ஃபீனால் ரெட் சொட்டு, பட்டியலில் இல்லாத ஊதா நிறத்துக்குப் போகும். அதைப் பார்த்து ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. முதலில் குளோரின் இறங்கட்டும், பிறகு பி.எச்.

சோதனைப் பெட்டியை பம்ப் ரூமில், குளோரின் வாளிக்கு மேலேயே வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சூடும் அந்த ஆவியும் மருந்தைக் கெடுக்கும். சித்தப்பா வீட்டுப் பெட்டி இப்போது சாமான் அலமாரியில், காபித்தூளுக்கு இரண்டு தட்டு தள்ளி, பூட்டோடு இருக்கிறது.

அந்த 20? மறுநாள் முழுக்க யாரையும் இறங்கவிடாமல் குளத்தை வெயிலில் திறந்து வைத்தோம். ஸ்டெபிலைசர் போடாத குளம், சாயங்காலத்துக்குள் குளோரின் இறங்கிவிட்டது.