சம்பளத்தில் பிடித்து லேப்டாப்: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

பிரிட்டனில் ஒரு மருத்துவமனையில், சம்பளக் கணக்குப் பார்க்கும் பேரோல் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக நிறுவனத்தின் மூலம் பொருள் வாங்கும் சாலரி சாக்ரிஃபைஸ் திட்டம் திறக்கும் வாரங்களில் என் மேசைப் பக்கம் வரும் நம்மவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இதில் லேப்டாப் எடுக்கலாமா?" 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது.

நானே ஒன்று எடுத்தவள்தான். 2024 ஏப்ரலில், பேரோலுக்கு வருவதற்கு முன், வார்டில் கிளார்க்காக இருந்தேன். லேப்டாப் 900 பவுண்ட், மாதம் 75 பவுண்டாகப் பன்னிரண்டு மாதம். முதல் பே ஸ்லிப்பைப் பார்த்தால் கைக்கு வரும் சம்பளம் 54 பவுண்ட்தான் குறைந்திருந்தது. மாதம் 21 பவுண்ட் மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, தோழிகள் இருவரையும் சேர்த்துவிட்டேன். அடுத்த ஆண்டு, வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து கடிதம் வந்தது. நான் விட்டுக்கொடுத்த 900 பவுண்டுக்கு 20 சதவீத வருமான வரி, 180 பவுண்ட், பாக்கி. சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் டாக்ஸ் கோடைக் குறைத்து மாதம் 15 பவுண்டாக அதைப் பிடித்தார்கள். தோழிகளுக்கும் அதே கடிதம். அவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்றால், 2017 ஏப்ரல் 6-ஆம் தேதி விதி மாறியது. அதற்கு முன் இப்படிப்பட்ட திட்டங்களில் வருமான வரியிலும் மிச்சம் பிடிக்க முடிந்தது. இப்போது லேப்டாப், போன் போன்றவற்றுக்காக விட்டுக்கொடுக்கும் சம்பளத்துக்கும் வருமான வரி உண்டு. சில நிறுவனங்கள் அதை மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துவிடும். மற்றவை ஆண்டு முடிந்ததும், ஊழியர் பெற்ற சலுகைகளை வரித்துறைக்குச் சொல்லும் பி11டி படிவத்தில் தெரிவிக்கும், வரி தாமதமாக வந்து சேரும். எனக்கு நடந்தது இரண்டாவது வகை. "இதே முறையில் சைக்கிள் வாங்கும் திட்டத்தில் வரி மிச்சமானதே?" என்று கேட்பார்கள். ஆமாம், சைக்கிளுக்கும் பென்ஷனுக்கும் விலக்கு தொடர்கிறது. லேப்டாப்புக்கு இல்லை.

அப்படியானால் உண்மையான மிச்சம் எவ்வளவு? வருமான வரியோடு சம்பளத்தில் தனியாகப் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் மட்டும்தான். ஆண்டுச் சம்பளம் 12,570 முதல் 50,270 பவுண்ட் வரை இருந்தால் 8 சதவீதம், அதற்கு மேல் உள்ள பகுதிக்கு 2 சதவீதம். 900 பவுண்ட் லேப்டாப்பில் முதல் வகையினருக்கு 72 பவுண்ட் மிச்சம், அதிகம் சம்பாதிப்பவருக்கு வெறும் 18. உங்கள் முதல் கணக்கு இதுதான்: திட்டத்தில் போட்டிருக்கும் விலையிலிருந்து 8 அல்லது 2 சதவீதத்தைக் கழியுங்கள். பிறகு அதே மாடலை, மாடல் எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வெளியே மூன்று கடைகளில் தேடுங்கள். அதே லேப்டாப் வெளியே 820 பவுண்டுக்குக் கிடைத்தால் திட்டம் தோற்றுவிட்டது, ஏனென்றால் அதில் உங்கள் அடக்கவிலை 828. நவம்பர் கடைசியில் தள்ளுபடி காலம் வருகிறதென்றால் அவசரப்படவே வேண்டாம்.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பணம் வரிக்கு முன் கழிகிறதா, பின் கழிகிறதா? இப்போது பல திட்டங்கள் வரிக்குப் பின்தான் கழிக்கின்றன. அப்படியென்றால் அந்த 72 பவுண்டும் கிடையாது, அது வட்டியில்லாத தவணை மட்டுமே. அதில் தப்பில்லை, தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி, துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் வராத செலவுகள். போன வருடம் ஒரு தங்கை வந்தாள், நான்கு மாதக் கர்ப்பம். வீட்டிலிருந்தே படிக்கும் ஒரு கோர்ஸுக்காக லேப்டாப் வேண்டும் என்றாள். உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். சட்டப்படியான மகப்பேறு ஊதியத்தில் முதல் ஆறு வாரங்களுக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அந்தச் சராசரியை எடுப்பது, குழந்தை பிறக்க வேண்டிய வாரத்துக்கு 15 வாரம் முன்பு முடியும் ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளத்திலிருந்து. விட்டுக்கொடுத்த சம்பளம் அதில் சேராது. மாதம் 75 பவுண்ட் என்றால் வாரத்துக்கு 17 பவுண்ட் சொச்சம் குறையும். அதில் 90 சதவீதம், ஆறு வாரத்துக்கு, சுமார் 93 பவுண்ட் இழப்பு. மிச்சம் 72, இழப்பு 93. அவள் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கும் யாரும் இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து.

பென்ஷனையும் பாருங்கள். நிறுவனம் போடும் பங்கைக் குறைந்த சம்பளத்தின் மீது கணக்கிட்டால், சட்டப்படியான குறைந்தபட்சப் பங்கான 3 சதவீதத்திலேயே 27 பவுண்ட் போய்விடும். பழைய சம்பளத்தை வைத்தே கணக்கிடும் இடங்களும் உண்டு, எது என்று எச்.ஆரில் கேளுங்கள். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு, பே ஸ்லிப்பில் சம்பளம் குறைவாகத் தெரிவது தொல்லை. மாணவர் கடன் கட்டுபவர்களுக்கு அந்தப் பிடித்தம் சற்றுக் குறையும், ஆனால் கடன் அப்படியே இருக்கும், அதை லாபமாக எண்ணாதீர்கள். குழந்தை உதவித்தொகையைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டிய 60,000 பவுண்ட் வருமான வரம்புக்குக் கீழே வருவதற்கு இது உதவுமா என்று சிலர் கேட்பார்கள். உதவாது, விட்டுக்கொடுத்த தொகை வரிக்குரிய வருமானமாகவே எண்ணப்படுகிறது.

குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிச் சம்பளம் வாங்குபவர்களால் பெரும்பாலும் சேரவே முடியாது. பிடித்தத்துக்குப் பின் சம்பளம் அந்த எல்லைக்குக் கீழே போகக் கூடாது. 21 வயது முதல் அது 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்ட், ஏப்ரல்தோறும் மாறும்.

வேலையை விடப் போகிறீர்களா? ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மீதித் தொகை முழுவதையும் கடைசிச் சம்பளத்தில் ஒரே அடியாகப் பிடிப்பதுதான் வழக்கமான நிபந்தனை. தவணை முடியும்வரை லேப்டாப் யாருக்குச் சொந்தம், பழுதானால் நீங்கள் பேச வேண்டியது கடையிடமா நிறுவனத்திடமா என்பதும் அங்கேதான் இருக்கும். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளை வாங்கினால் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவு, கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. சம்பளப் பிடித்தத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடை திவாலாகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சிலரிடம் நான் "எடுங்கள்" என்றுதான் சொல்கிறேன். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து, கடன் வரலாறு எதுவும் இல்லாமல், கார்டோ தவணையோ கிடைக்காமல், பிள்ளையின் படிப்புக்கு உடனே லேப்டாப் தேவைப்படுபவர்கள். பல திட்டங்களில் கடன் வரலாறு பார்ப்பதில்லை, வட்டியும் இல்லை. கையில் 900 பவுண்ட் இல்லாத வீட்டில், அடக்கவிலை 828-ஐப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் வரும் 69 பவுண்டை மாதாமாதம் கட்டினால் போதும் என்பது பெரிய உதவி. அவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: பே ஸ்லிப்பில் குறைவது 54 என்று தெரிந்தாலும், மீதி 15 பவுண்டை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள், எச்.எம்.ஆர்.சி. கடிதம் வரும்போது அது தயாராக இருக்கட்டும்.

அந்தத் தங்கை திட்டத்தில் சேரவில்லை. ஒரு வருட உத்தரவாதத்தோடு, புதுப்பித்து விற்கும் லேப்டாப் ஒன்றை 380 பவுண்டுக்கு வாங்கினாள். கோர்ஸில் பாதி முடித்துவிட்டாள், குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம்.