வரைபடத்துக்கு வண்ணம் அடிக்கும் முன்: எதிர்காலப் பேரரசுகளைக் கற்பனை செய்வோர் தவிர்க்க வேண்டியவை

அறிவியல் புனைவு எழுத உட்காரும் பலர் முதலில் வரைவது ஒரு வரைபடம். இந்தப் பக்கம் செவ்வாய்க் கூட்டமைப்பு, சிவப்பு. அந்தப் பக்கம் வியாழன் பேரரசு, நீலம். நடுவில் ஒரு கோடு. பாதிக் கதை தயாராகிவிட்டது போல ஒரு திருப்தியும் வந்துவிடும். ஆனால் பெரும்பாலான தவறுகள் அந்தக் கோட்டில்தான் தொடங்குகின்றன.

விண்வெளியில் கோடு நிற்காது. பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தூரம் சுமார் 5.5 கோடி கிலோமீட்டரிலிருந்து 40 கோடி கிலோமீட்டர் வரை மாறிக்கொண்டே இருக்கும். குறைந்த எரிபொருளில் கிளம்புவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். கிளம்பினாலும் எட்டு, ஒன்பது மாதப் பயணம். ஆக, படையெடுப்புக்கு ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவம் எப்போது என்பது எதிரிக்கும் தெரியும். இதைக் கதையில் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

அடுத்தது, நான் அதிகம் எரிச்சலடையும் தவறு. பேரரசர் சிம்மாசனத்தில் இருந்து கையசைக்கிறார், பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் கப்பற்படை உடனே திரும்புகிறது! ஒளியை விட வேகமான தொடர்பு உங்கள் உலகில் இருந்தால் சரி, அதற்கு ஒரு விலை வையுங்கள். இல்லையென்றால், சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரிக்குச் செய்தி போகவே 4.24 ஆண்டுகள் ஆகும். பதில் வர இன்னொரு 4.24.

செய்தி தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு நம் பூமியிலேயே சான்று கிடக்கிறது. 1762 அக்டோபரில் ஆங்கிலேயர்கள் ஸ்பெயினிடமிருந்து மணிலாவைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மணிலா விழுந்த செய்தி அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. பிறகு ஊரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, இதைவிடச் சுவையானது. 1784-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், இந்தியாவில் நாடு பிடிப்பது தங்கள் கொள்கைக்கு விரோதமானது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. ஆனால் 1798-ல் கவர்னர் ஜெனரலாக வந்த வெல்லெஸ்லி 1799-ல் திப்புவை வீழ்த்தினார், 1801-ல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்தைக் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குக் கொண்டுவந்தார், அப்புறம் மராத்தியரோடும் போர். லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வரப் பல மாதங்கள். பதில் வரும்போது காரியம் முடிந்திருக்கும்.

தலைநகரம் வேண்டாம் என்று சொல்லியும் ஒரு பேரரசு வளரலாம். எல்லையில் இருக்கும் ஆளுநர், அவருக்கு வரவேண்டிய லாபம், பக்கத்துக் காலனியோடு அவருக்கு இருக்கும் பகை, இதெல்லாம் பேரரசரின் கனவை விட அதிகமாக எல்லையைத் தள்ளும். உங்கள் கதையின் உண்மையான வில்லன் அந்த ஆளுநராக இருக்கலாம்.

பரப்பளவே பலம் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். போர்ச்சுகீசியர்கள் இந்தியப் பெருங்கடலை ஆட்டிவைக்க முயன்றது கண்டம் கண்டமாகப் பிடித்து அல்ல. கோவா 1510, மலாக்கா 1511, ஹோர்முஸ் 1515. துறைமுகங்களும் நீரிணைகளும் போதும் என்பது அவர்கள் கணக்கு. விண்வெளி ஏறக்குறைய முழுவதும் வெறுமை. அதை நிறம் பூசிப் பிடித்து என்ன செய்ய? நிலவின் தென்துருவத்துப் பனி, எரிபொருள் நிரப்பும் நிலையம், கப்பல் கட்டும் தளம் என்று சண்டைக்கு உரிய இடங்கள் சில புள்ளிகள்தான்.

தமிழில் எழுதுபவர்கள் சோழரை முன்மாதிரியாக எடுப்பது இயல்பு. நல்லதும்கூட. ஆனால் தென்கிழக்காசியா முழுவதற்கும் புலிக்கொடி நிறம் அடித்த படங்கள் இணையத்தில் சுற்றுகின்றனவே, அவற்றை நம்பி எழுத வேண்டாம். 1025-ல் ராஜேந்திரன் படை, சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் துறைமுகங்களைத் தாக்கியது, கடாரத்து அரசனைப் பிடித்தது. அங்கே நீடித்த நேரடி ஆட்சி நடத்தியதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவதில்லை. அடித்துவிட்டுத் திரும்பி வரும் பேரரசு கதைக்கு இன்னும் நல்ல சரக்கு: அந்தத் துறைமுகத்தில் மறுநாள் யார் வரி வசூலிப்பது?

இரண்டு பேரரசுகளும் ஒட்டியே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1895-ல் ரஷ்யாவும் பிரிட்டனும் வாக்கான் என்ற ஒல்லியான நிலத்துண்டை ஆப்கானிஸ்தானிடம் விட்டுவைத்தன, தங்கள் எல்லைகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க. இரு பகைவர்களாலும் பாதுகாக்கப்படும் ஒரு குட்டிக் கோள் என்றால், அங்கே ஒற்றர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பஞ்சமே இருக்காது.

பேரரசு என்றால் வளர்ந்துகொண்டே போகும் அல்லது ஒரேயடியாக உடையும் என்று பலர் எழுதுகிறார்கள். ரோமில் ஹேட்ரியன் கி.பி. 117-ல் பேரரசராகப் பதவிக்கு வந்ததும், அவருக்கு முந்தைய பேரரசர் டிராஜன் பிடித்த மெசபடோமியாவைக் கைவிட்டார். தோற்று ஓடவில்லை, வைத்திருப்பது கட்டுப்படியாகாது என்ற கணக்கு. உங்கள் பேரரசும் ஒரு கோளை அப்படிக் கைவிடட்டும். அங்கே பிறந்து வளர்ந்த இரண்டாம் தலைமுறைக் குடியேறிகளும், பழைய ராணுவத் தளத்தின் பூட்டும், எதிரிப் பேரரசிலிருந்து வரும் முதல் வணிகக் கப்பலும் அடுத்த நூறு பக்கத்துக்குத் தாங்கும்.