வல்லரசு தரும் பாதுகாப்பு உறுதியைப் படித்தறிவது எப்படி?

ஒரு வல்லரசும் ஒரு சிறிய நாடும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன என்று செய்தி வந்தவுடன், போர் மூண்டால் பெரிய நாடு கட்டாயம் படை அனுப்பும் என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். ஒப்பந்தத்தின் வாசகமோ பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே கருத்துரைகளைத் தேடுவதற்கு முன் மூல வாசகத்தையே எடுத்துப் படியுங்கள். பல ஒப்பந்தங்கள் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் 1951 ஆகஸ்ட் 30 அன்று கையெழுத்திட்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் எட்டே உறுப்புகள் (பிரிவுகள்) தாம் உள்ளன. அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தாக்குதல் நடந்தால் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். நான்காம் உறுப்பின்படி, பசிபிக் பகுதியில் ஒரு தரப்பின் மீது நடக்கும் ஆயுதத் தாக்குதல் தன் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்தானது என்று மறுதரப்பு ஏற்கிறது; அந்தப் பொது ஆபத்தை எதிர்கொள்ளத் தன் அரசியலமைப்பு நடைமுறைகளுக்கு ஏற்பச் செயல்படுவதாகவும் அறிவிக்கிறது. படை அனுப்புவதா, ஆயுதம் தருவதா, வேறு நடவடிக்கை எடுப்பதா என்று அதில் இல்லை. ஒருவர் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதல் என்று பேசும் நேட்டோவின் ஐந்தாம் உறுப்பும்கூட, எந்த நடவடிக்கை தேவை என்று முடிவெடுக்கும் உரிமையை ஒவ்வோர் உறுப்பு நாட்டிடமே விட்டுவைக்கிறது.

அடுத்து, எந்த இடத்தில், யார் மீது நடந்தால் அது தாக்குதலாகும் என்று பாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் பிறக்கின்றன என்பதால் இதில் நேரம் செலவிடுவது பயனளிக்கும். ஐந்தாம் உறுப்பு, இரு நாடுகளின் தாயக நிலப்பரப்பையும், பசிபிக்கில் அவற்றின் ஆளுகைக்கு உட்பட்ட தீவுகளையும், அங்குள்ள படைகள், அரசுக் கப்பல்கள், விமானங்கள் ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது. தென்சீனக் கடல் இந்தப் பசிபிக்கில் அடங்குமா என்று அது பெயர் சொல்லிக் கூறவில்லை. அந்தக் கடலில் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டை 1995இல் சீனா கைப்பற்றியது. 2012இல், பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டும் சீனாவின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. 2019 மார்ச்சில்தான் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ மணிலாவில், தென்சீனக் கடலும் பசிபிக்கின் பகுதியே, அங்கு பிலிப்பைன்ஸின் படைகளோ விமானங்களோ அரசுக் கப்பல்களோ தாக்கப்பட்டால் நான்காம் உறுப்பு பொருந்தும் என்று அறிவித்தார். 2023 மேயில் வெளியான இருதரப்பு வழிகாட்டு நெறிகள் கடலோரக் காவல்படையையும் வெளிப்படையாகச் சேர்த்தன. இத்தனை ஆண்டுகளில் ஒப்பந்தத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை. விளக்கம் மட்டுமே மாறியது. அதனால்தான் மூல வாசகத்தோடு பிற்கால அறிவிப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தாக்குதல் என்று அழைப்பதற்கான எல்லையும் இதைச் சேர்ந்ததே. 2024 ஜூன் 17 அன்று தென்சீனக் கடலின் செகண்ட் தாமஸ் திட்டருகே, பிலிப்பைன்ஸ் கடற்படையின் படகுகளைச் சீனக் கடலோரக் காவல்படையினர் கத்திகளும் கோடரிகளும் ஏந்தி மறித்தபோது ஒரு பிலிப்பைன்ஸ் வீரர் தம் கட்டைவிரலை இழந்தார். ஆயினும் அது ஆயுதத் தாக்குதல் அன்று என்று மணிலா அரசே சொன்னது. ஒப்பந்தத்தைத் துணைக்கு அழைப்பதா என்ற முடிவில் சிறிய நாட்டுக்கும் பங்கு உண்டு. பெரும்போரை இழுத்துவிடுவோமோ என்ற அச்சம் அதற்கும் இருக்கிறது. என் பார்வையில், வலிமையான கூட்டாளியைக் கொண்ட சிறிய நாடுகளின் மிகக் கடினமான நிலை இதுதான்.

படைத்தளங்கள் பற்றிய உடன்படிக்கைகளைத் தனியாகப் படியுங்கள். பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவிலும் கிளார்க்கிலும் அமெரிக்கப் படைகள் இருந்தது 1947ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கையால். தளங்களை நீட்டிக்கும் புதிய உடன்படிக்கையை 1991 செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்ற கணக்கில் நிராகரிக்க, அடுத்த ஆண்டு அமெரிக்கப் படைகள் சூபிக்கை விட்டு வெளியேறின. 1951 ஒப்பந்தமோ அப்படியே நீடித்தது. வருகைப் படைகள் உடன்படிக்கை 1998இலும், மேம்பட்ட பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை 2014இலும் வந்தன. இரண்டாவதன் கீழ் அமெரிக்கர்கள் பயன்படுத்தக்கூடிய இடங்கள் 2023இல் ஒன்பதாக உயர்ந்தன. விலகும் விதியையும் பார்த்துவிடுங்கள்: ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்தால் 1951 ஒப்பந்தத்திலிருந்து எந்தத் தரப்பும் வெளியேறலாம்.

இறுதியாக, அழைப்பு வந்தபோது என்ன நடந்தது என்ற வரலாற்றைத் தேடுங்கள். ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் அடிப்படை 1992இல் தாஷ்கந்தில் கையெழுத்தான ஒப்பந்தம்; உறுப்பு நாடு தாக்கப்பட்டால் உதவுவது அதன் நான்காம் உறுப்பு. 2022 ஜனவரியில் உறுப்பு நாடான கஜகஸ்தானின் அதிபர் உள்நாட்டுக் கலவரத்தை அடக்க உதவி கேட்டபோது சில நாட்களுக்குள் படைகள் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அஜர்பைஜான் தன் மண்ணைத் தாக்கியதாக ஆர்மீனியா முறையிட்டபோது, நிலைமையை ஆராயும் குழு மட்டுமே வந்தது. ஆர்மீனியாவின் கியூம்ரி நகரில் ரஷ்யத் தளம் இருந்தும் அது உதவவில்லை. ஆர்மீனியா அந்த அமைப்பில் தன் பங்கேற்பை முடக்கிவிட்டதாக 2024 பிப்ரவரியில் பிரதமர் பாஷினியான் அறிவித்தார்.