கல்லடிக் கடலில் நேற்றும் நாளையும்: ஓர் அக்ரிலிக் ஓவியம்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பின் கல்லடியில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். "நடந்து முடிந்ததையும் இனி வரப்போவதையும் கடலாக வரையுங்கள்" என்றால், அநேகமானோர் தாளை நடுவால் பிரித்து ஒரு பக்கம் கறுப்பு அலை, மறுபக்கம் மஞ்சள் சூரியன் என்று வரைவார்கள். எங்கள் கரைக்கு அது பொருந்தாது. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்த திசையில்தான் தினமும் சூரியன் எழும்புகிறது. ஆகவே ஒரே கடல், ஒரே வெளிச்சம் என்று முடிவெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

காலையில் கடற்கரைக்குப் போய், வாவி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது, அதாவது எழும்பி முக்கால் மணித்தியாலத்துக்குள், ஓர் ஆளின் நிழல் அவர் உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். படத்தில் நேற்றைச் சொல்லப்போவது அந்த நிழல்தான்.

கன்வஸில் அடிவானத்தை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், அடிமட்டம் வைத்தே போடுங்கள். மணலுக்கும் நிழலுக்கும் கீழே நிறைய இடம் வேண்டும். சூரியன் நடுவில், ஆள் வலப்பக்கம் தள்ளி. உடல் கடலைப் பார்க்கட்டும், தலை மட்டும் சற்றுத் திரும்பட்டும். முகம் தேவையில்லை, கன்னத்தோரம் ஒரு வெளிச்சக் கோடு போதும்.

நிழலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சூரியனுக்கு நேர்கீழே அடிவானத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து ஆளின் காலடி வழியாக ஒரு கோடு இழுத்து முன்னால் நீட்டினால் நிழலின் திசை கிடைத்துவிடும். காலடியில் அதன் விளிம்பு கூர்மையாகவும், தூரம் போகப் போக மங்கலாகவும் இருக்கவேண்டும். தண்ணீரில் மினுங்கும் ஒளிப்பாதையோ சூரியனிலிருந்து நேராகக் கீழே வரும். அதைச் சாய்த்து ஆளின் காலடிக்குக் கொண்டுபோக ஆசை வரும், செய்யாதீர்கள். அவர் அந்தப் பாதைக்குப் பக்கத்தில் நிற்கிறார், இன்னும் உள்ளே கால் வைக்கவில்லை. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அது.

அடையாளப் பொருள் ஒன்றே ஒன்று போதும். ஆழிப்பேரலையில் சாய்ந்த, இங்கே கல்லடியில் உள்ள திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தை வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், பார்ப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும். அலைக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் அத்திவாரமும் வாசற்படியும்தான் மிஞ்சின. அப்படி ஒரு படியை நிழல் போகும் வழியில் மணலில் பாதி புதைத்து வையுங்கள். நிழல் படியின் மேல் ஏறும் இடத்தில் மடியவேண்டும், அதை மறக்காதீர்கள்.

நிறத்துக்குக் கறுப்புக் குழாயைத் திறக்கவே வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் ஆழமான இருள் கிடைக்கும். நீலத்தைக் கூட்டி வெள்ளை சேர்த்தால் மணல் நிழல். வெளிச்சம் அலைக்குப் பின்னாலிருந்து வருவதால் நுரை வெள்ளையாகத் தெரியாது, நீலச் சாம்பலாகத்தான் தெரியும். அலை மடியும் மெல்லிய உச்சியில் மட்டும் பச்சை ஒளிரும். அந்தப் பச்சையைக் கடைசியில், சின்னத் தூரிகையால், இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வையுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் கருமையாகும், அதனால் ஒரு படி வெளிராகவே கலக்குங்கள்.

எல்லாம் காய்ந்தபின் படத்தைக் கண்ணாடியில் பாருங்கள். அடிவானம் சரிந்திருந்தால் உடனே தெரியும். முதலில் அதைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும்.