இணையத்தில் படித்ததற்கு எதிர்வினை எழுதி வைப்பது எப்படி?

ஒரு கட்டுரையைப் படிக்கும்போது "சரியாகச் சொல்லியிருக்கிறாரே" என்று தோன்றும், அல்லது கோபம் வரும். ஒரு வாரம் கழித்து யாராவது கேட்டால், அதில் என்ன இருந்தது, நமக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று சொல்ல வராது. படித்த கையோடு நாலு வரி எழுதி வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

1. இடம்

போனில் ஏற்கெனவே இருக்கும் குறிப்புச் செயலியே போதும். நல்ல செயலி எது என்று தேடிக்கொண்டிருந்தால் எழுதுவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். தலைப்பில் தேதியை 2025-03-08 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் போடுங்கள். பெயர்வாரியாக அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும்.

2. படித்ததைப் பத்திரப்படுத்துங்கள்

லிங்க்கை மட்டும் நம்பாதீர்கள். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போயிருந்ததாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. அதனால் தலைப்பு, எழுதியவர் பெயர், உங்களைத் தொட்ட ஒன்றிரண்டு வரிகள் ஆகியவற்றையும் மேற்கோள் குறிக்குள் எடுத்து வையுங்கள். முக்கியமான பக்கம் என்றால், இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதன் முகவரியைக் கொடுத்து ஒரு பிரதியைச் சேமிக்கலாம். காசு கிடையாது.

3. அவர் சொன்னது, நான் நினைப்பது

உயிரே இங்கேதான் இருக்கிறது. பலர் எழுதுவது இப்படி இருக்கும்: "அருமையான கட்டுரை, நிறைய யோசிக்க வைத்தது." ஆறு மாதம் கழித்து இதைப் படித்தால் உங்களுக்கே ஒன்றும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

*அவர் சொன்னது:* குழந்தைகளுக்குச் சத்தம் போட்டுப் படிக்கும் பழக்கம் வேண்டும். அப்போதுதான் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

*நான் நினைப்பது:* தடுமாறும் இடம் தெரியும் என்பது சரி. ஆனால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை சத்தமாகப் படிக்கச் சொன்னாலே வாயை மூடிக்கொள்ளும். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

முதல் பகுதியை, எழுதியவரே படித்தாலும் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். கோபத்தில் இருக்கும்போது இது கஷ்டம்தான். ஆனால் அவர் சொல்லாத ஒன்றோடு நாம் சண்டை போடுகிறோமா என்பது இதில் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பின்னூட்டங்களைப் படிப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். அங்கே நாலு பேர் சொன்னதைப் படித்துவிட்டால், நம் கருத்து எது, அவர்கள் கருத்து எது என்று பிரிக்க முடியாது.

4. தேடி எடுக்க

ஒவ்வொரு குறிப்பின் கீழும் "கல்வி", "மொழி" என ஒன்றிரண்டு சொற்கள் போதும். எந்தப் பழைய குறிப்புக்குள் எது இருக்கிறது என்று தேடும் தலைவலி புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், தன் குறிப்பேடுகளுக்குச் சொல்லின் முதல் எழுத்தையும் அடுத்து வரும் உயிரெழுத்தையும் வைத்து அட்டவணை போடும் முறையையே உருவாக்கினார்.

5. திரும்பிப் பார்க்கும்போது

அவ்வப்போது பழையதைப் புரட்டுங்கள். கருத்து மாறியிருந்தால் பழைய வரிகளை அழிக்காமல், கீழே புதுத் தேதி போட்டு என்ன மாறியது, எதைப் படித்து மாறியது என்று சேர்த்துவிடுங்கள். அப்புறம், படிப்பதற்கெல்லாம் குறிப்பு எழுத வேண்டியதில்லை. மறுநாளும் மனதில் ஓடும் என்று தோன்றுகிற கட்டுரைகளுக்கு மட்டும் எழுதினால் போதும்.