பிரிட்டன் நாட்டார் கிதார் ஆல்பங்களை எங்கிருந்து, எப்படிக் கேட்கத் தொடங்குவது

1960களின் நடுவிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் பிரிட்டனில் ஒரு குரலும் ஒரு கிதாருமாக வெளிவந்த ஆல்பங்களைப் புதிதாகக் கேட்பவர்கள், எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் பாட்டிலேயே நிறுத்திவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே வரிகளின் பொருளைத் தேடிப் போவதே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். இந்த ஆல்பங்களில் கிதார் வெறும் பக்கவாத்தியம் அல்ல. பாடகருக்குச் சரிசமமாக உட்கார்ந்து பேசும் இன்னொரு குரல். ஆகவே காதைக் கிதாருக்குப் பழக்குவதே முதல் வேலை.

அதற்கு நிக் டிரேக் 1972இல் வெளியிட்ட 'பிங்க் மூன்' ஆல்பத்தைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. 11 பாட்டுகள் கொண்ட இது அரை மணி நேரம்கூட ஓடாது. லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில், பொறியாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது. தலைப்புப் பாட்டில் சிறிது பியானோ வருவதைத் தவிர வேறு வாத்தியம் எதுவும் இல்லை. பாட்டுகளை வரிசை மாற்றி ஒலிக்கச் செய்யும் வசதியை நிறுத்திவிட்டு, ஹெட்போனில் முதல் முறை இடைநிறுத்தாமல் கேளுங்கள். இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு, கட்டைவிரல் தாழ்ந்த சுருதித் தந்திகளில் விடாமல் நடத்திச் செல்லும் நடையை மட்டும் பின்தொடருங்கள். மற்ற விரல்கள் அதன்மேல் எவ்வளவு துல்லியமாக வந்து அமர்கின்றன என்பது அப்போதுதான் பிடிபடும். வரிகளை மூன்றாம் முறை கேட்கும்போது எடுத்து வைத்துக்கொள்ளலாம். டிரேக் 1974இல், தம் 26ஆம் வயதில் இறந்தார் என்பதால் இந்த ஆல்பத்தை ஒரு மரண சாசனம்போலக் கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்தக் கதையைத் தொடக்கத்தில் ஒதுக்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். துயரத்தையே எதிர்பார்த்துக் கேட்கும் காதுக்கு அந்தக் கையின் தேர்ச்சி கேட்காமலே போய்விடும்.

பிறகு பின்னோக்கிச் சென்று அவருடைய முதல் ஆல்பமான 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' (1969) கேளுங்கள். இதில் வயலின் குழுவும் டேனி தாம்சன் வாசிக்கும் டபுள் பேஸ் என்ற பெரிய, தாழ்சுருதித் தந்தி வாத்தியமும் உண்டு. 'ரிவர் மேன்' பாட்டு ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது. ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்டசாபு தாளம் பழகியவர்கள் தொடையில் தட்டிப் பார்த்தால், குரல் அந்த ஐந்தின் தொடக்கத்தோடு ஒட்டாமல் நழுவி நழுவி நுழைவதை உணரலாம்.

இந்தக் கிதார் ஒலி வழக்கமானதிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால், விடையின் பெரும்பகுதி சுருதி கூட்டும் முறையில் இருக்கிறது. டேவி கிரஹாம் என்ற கலைஞர் மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர்களோடு இசைந்து வாசிக்க விரும்பி, கிதாரின் ஆறு தந்திகளில் மூன்றை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கி, டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று அமைத்தார். டி-யை ஷட்ஜமமாகக் கொண்டால் இது ச-ப-ச-ம-ப-ச. காந்தாரமே இல்லாததால், மேலை இசை காந்தாரத்தை வைத்துக் கேட்கும் 'மேஜரா, மைனரா' என்ற கேள்விக்கு இந்தத் தந்திகள் விடை சொல்வதில்லை. தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த அமைப்பு உடனே பழகிவிடும். 'ஷி மூவ்ட் த்ரூ தி ஃபேர்' என்ற அயர்லாந்துப் பாட்டை அவர் வாசித்த பதிவில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். அவர் பாடகி ஷெர்லி காலின்ஸுடன் சேர்ந்து 1964இல் வெளியிட்ட 'ஃபோக் ரூட்ஸ், நியூ ரூட்ஸ்' ஆல்பத்தையும் விட்டுவிட வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது ஒப்பிட்டுக் கேட்பது. இதுவே நான் மிகவும் வலியுறுத்தும் பயிற்சி. ஆல்பத்தின் உறையில் ஒரு பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லாமல் 'மரபுப் பாடல்' என்று குறித்திருந்தால், அதை வேறு யார் பாடியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஆற்றங்கரையில் ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்லும் 'பிளாக்வாட்டர்சைட்' நல்ல எடுத்துக்காட்டு. ஆன் பிரிக்ஸிடமிருந்து அதைக் கற்றுக்கொண்ட பெர்ட் ஜான்ஷ், 'ஜாக் ஓரியன்' (1966) ஆல்பத்தில் கிதாரைக் குரலோடு மல்லுக்கு நிற்க விடுகிறார். பிரிக்ஸ் தம் 1971 ஆல்பத்தில், ஆற்றுநீர் ஓடுவதுபோல எந்த அழுத்தமும் கொடுக்காமல் பாடுகிறார். அதே ஆண்டில் சாண்டி டென்னி 'தி நார்த் ஸ்டார் கிராஸ்மேன் அண்ட் தி ரேவன்ஸ்' ஆல்பத்தில் வாத்தியக் குழுவோடு அதை விரித்துப் பாடுகிறார். ஒரே வாரத்தில் மூன்றையும் மாறிமாறிக் கேட்டால், எது மரபிலிருந்து வந்தது, எது பாடுபவர் சேர்த்தது என்பது தானாகவே பிரியத் தொடங்கும்.

ஜான்ஷின் கை பிடித்துப்போனால், லண்டன் கேம்டனில் ஒலிப்பதிவாளர் பில் லீடரின் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பதிவான அவருடைய முதல் ஆல்பத்துக்கு (1965) போகலாம். டபுள் பேஸ் ஈர்த்திருந்தால் ஜான் மார்ட்டினின் 'சாலிட் ஏர்' (1973). அதிலும் டேனி தாம்சன் இருக்கிறார், தலைப்புப் பாட்டோ நண்பர் டிரேக்கை எண்ணி எழுதப்பட்டது. இத்தனையும் கேட்டபின் லாரா மார்லிங்கின் 'ஒன்ஸ் ஐ வாஸ் ஆன் ஈகிள்' (2013) ஆல்பத்தைப் போடுங்கள். முதல் நான்கு பாட்டுகளும் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் செல்வதால், அவற்றை ஒரே அமர்வில் கேட்க வேண்டும். பாட்டு மாறும் இடங்களில் குரலைத் தேடாமல் தந்தியின் ஆதாரச் சுருதியைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.